கடைசிக் கோட்டிங் அடித்தது யார்?

போன வாரம் உமாதேவியை மேட்டகள்ளி பஸ் ஸ்டாப்பில், கையில் குடையும் முகத்தில் கடுகடுப்புமாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். பஸ் வந்தது, ஏறியும் விட்டாள். உட்கார இடம்தான் கிடைக்கவில்லை. ஹெப்பாள் பாக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் நம்பி சாரோடு சண்டை போட்டபடியே விஜயநகர் வந்து சேர்ந்தாள்.

நம்பி சார், காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர். விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் புது வீடு கட்டினார். உமாவின் கணவன் சுரேந்தர்தான் அந்த வீட்டுக்கு பெயிண்டிங் காண்ட்ராக்டர். தசராவுக்கு முன்பே வேலை முடிந்தது. பாக்கி ஆறாயிரத்து ஐந்நூறு மட்டும், இந்த வாரம் அடுத்த வாரம் என்று தீபாவளி வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்துவிட்டது.

சுரேந்தர் நல்ல வேலைக்காரன். ஆனால் வாயைத் திறந்து காசு கேட்கச் சொன்னால் அவனுக்கு ஜுரம் வந்துவிடும். "பரவாயில்ல சார், மெதுவா குடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பெண்டாட்டி முகத்தைப் பார்த்து முழிப்பான். இது தாங்காமல், கல்யாணமான மறுவருஷமே வசூல் இலாகாவை உமா தன் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். வீடு பூராவும் அடித்துக் கொடுத்துவிடலாம். வாசல் கேட்டுக்கு மட்டும் கடைசிக் கோட்டிங் கிடையாது. அது சிவப்பு பிரைமரோடு அப்படியே நிற்க வேண்டும். பாக்கி முழுசாகக் கைக்கு வந்த பிறகுதான் கறுப்பு எனாமல் டப்பாவின் மூடியைத் திறக்கலாம்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். உள்ளே ஹாலும் ரூமும் ஜம்மென்று இருக்க, தெருவில் போகிறவன் கண்ணில் முதலில் படுகிற கேட் மட்டும் அரைகுறையாக நின்றால் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டு அம்மா சும்மா இருப்பாளா? "ஏன், பெயிண்டருக்கு இன்னும் செட்டில் பண்ணலையா?" என்று கேட்டே விடுவாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கவரும் கையுமாக ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

நம்பி சார் மட்டும் அசையவில்லை. அதனால்தான் இன்றைக்கு உமாவே கிளம்பினாள். பணம் இன்று வந்தே ஆகவேண்டும். மார்டள்ளியிலிருந்து வந்து இவர்களிடம் வேலை செய்கிற ஜடையனும் அவன் ஆட்கள் மூன்று பேரும் மாதேஸ்வரன் மலை தீபாவளி ஜாத்திரைக்காக சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறார்கள். இரண்டு வாரக் கூலி நிற்கிறது. வெறுங்கையோடு அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள். ஹெப்பாளில் மல்லப்பன் என்று இன்னொரு காண்ட்ராக்டர், எப்போது பிடிக்கலாம் என்று அட்வான்ஸோடு காத்துக்கொண்டிருக்கிறான். ஆள் போய்விட்டால் சுரேந்தரின் தொழில் படுத்துவிடும்.

அந்த சுரேந்தர், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே குண்டலுபேட்டைக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ லாட்ஜுக்கு எஸ்டிமேட் போட வேண்டுமாம். இன்று செவ்வாய். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

தெருமுனை திரும்பியதும் உமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம்பி சார் வீட்டு கேட் கறுப்பாக இருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது.

கிட்டே போய் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை, நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. குனிந்து பார்த்தாள். கம்பிக்குப் பின்பக்கம், கீல் இடுக்கு, தாழ்ப்பாள் துவாரம், ஒன்று விடாமல் பிரஷ் போயிருந்தது. கூலிக்கு அவசரமாக அடிக்கிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். இது நம் வீட்டுக் கை என்று அவளுக்கு சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அப்படியானால் பணம்?

கேட்டின் தாழ்ப்பாளைத் தட்டினாள்.

"யாரது, உமாவா? வாம்மா உள்ளே. வெயில்ல ஏன் நின்னுண்டிருக்கே?" நம்பி சாரின் மனைவி யதுகிரி மாமி கதவைத் திறந்தாள். "கேட் நன்னா வந்திருக்கோன்னோ? நான் நேத்துதான் பார்த்தேன்."

"நல்லா வந்திருக்கு மாமி. யாரு வந்து அடிச்சது?"

"இதென்ன கேள்வி? உங்காத்திலேர்ந்துதானே வந்தா! ஞாயித்துக்கிழமை நான் இல்லை. மேல்கோட்டையில தம்பியாத்துல விசேஷம். திரும்பி வந்தா, கேட் ஜொலிக்கறது. இவர்தான் சொன்னார், பாக்கியை எண்ணிக் கொடுத்தாச்சு, கையோட கேட்டும் முடிஞ்சுதுன்னு."

"முழுசுமா மாமி?"

"முழுசும்தான். அரியர்ஸ் வர லேட்டாயிடுத்து. அதுக்காக இவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாசல்ல நிக்கவே வெக்கப்பட்டுண்டு, காத்தால வாக்கிங்கூட நிறுத்திட்டார்."

"பணத்தை யார் கையில குடுத்தாரு?"

"அதை நான் கேட்டுக்கலையேம்மா. இவர் காத்தாலதான் மேல்கோட்டை கிளம்பிப் போனார், நாளைக்குத்தான் வருவார்." மாமியின் முகம் லேசாக மாறியது. "ஏன் கேக்கறே? உங்களுக்கு வந்து சேரலையா?"

மாமியின் கண் உமாவை மேலும் கீழும் அளந்தது. வாங்கிக்கொண்டு இல்லை என்று சொல்ல வந்திருக்கிறாளோ என்று அந்தக் கண் கேட்டது. உமாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதிலுக்கு அவளும் மாமியைச் சந்தேகப்படத்தான் பார்த்தாள். ஆனால் கேட் கண் முன்னால் நிற்கிறதே!

"ஐயோ, வந்துருச்சு மாமி. சும்மா கேட்டேன். தீபாவளிக்கு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று பொய் சொல்லிவிட்டு, கொடுத்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உமாவுக்கு உட்கார்ந்தால் போதும், மூளை ஓடத் தொடங்கிவிடும்.

சுரேந்தர் ஊரிலேயே இல்லை. ஜடையனும் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டு ரூமிலேயே கிடந்தார்கள். மிச்சம் யார்? கொழுந்தன் சந்துரு.

சந்துரு, சுரேந்தரின் தம்பி. அண்ணனோடு சேர்ந்து பிரஷ் பிடிக்கிறவன். இருபத்தாறு வயசு, சாது. அதனால்தான் உமாவுக்கு அவன்மேல் எப்போதும் ஒரு கண். இவ்வளவு சாதுவாக ஒருத்தன் காரணமில்லாமல் இருப்பானா என்பது அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் லூனா மொபெட்டை எடுத்துக்கொண்டு போனவன் விளக்கு வைத்த பிறகுதான் வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. சினிமாவுக்குப் போனேன் என்றான். என்ன படம் என்று கேட்டதற்கு ஏதோ முனகினான். சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அடப்பாவி!" என்று உமா வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் சந்துரு முற்றத்துக் குழாயடியில் பக்கெட் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. வெள்ளை டிஸ்டெம்பரைத் தவிர வேறு டப்பாவே திறக்கவில்லை. முழங்கை வரைக்கும் மாவு பூசியது போல் அவன் கையெல்லாம் வெள்ளை, நகமெல்லாம் வெள்ளை. கொய்யா மரத்தடியில் அவனுடைய லூனா நின்றது. மாமியார் மாரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சந்துரு, ஞாயித்துக்கிழம எங்க போயிருந்த?"

"அதான் சொன்னனே அண்ணி. சினிமாவுக்கு."

"எந்தத் தியேட்டரு?"

அவன் பக்கெட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். அடிப்பக்கத்தில் அழுக்கே இல்லை.

"நம்பி சார் வீட்டு கேட்டுக்குக் கறுப்பு அடிச்சிருக்கு. பாக்கியும் குடுத்தாச்சாம். வாங்குனது யாரு? அடிச்சது யாரு?"

பக்கெட் கையிலிருந்து நழுவி உருண்டு போனது.

"ஏம்மா உமா, வந்ததும் வராததுமா அவன எதுக்கு இப்படி நோண்டற?" என்றாள் மாரியம்மா.

"நீங்க சும்மா இருங்க அத்தை. ஆறாயிரத்து ஐந்நூறு. ஆளுங்களுக்குக் கூலி குடுக்க வீட்டுல நயா பைசா கிடையாது."

சந்துரு அம்மாவைப் பார்த்தான். அப்புறம் அண்ணியைப் பார்த்தான்.

"அண்ணன் வரட்டும் அண்ணி. அவர்கிட்டயே கேட்டுக்கங்க."

"அண்ணன்கிட்ட என்ன கேக்கறது? அவரு குண்டலுபேட்டையில இருக்காரு. நான் கேக்கறது உன்ன!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதவன் ஏன் திருதிருன்னு முழிக்கற?"

அவன் உருண்ட பக்கெட்டை எடுக்கப் போனான். மாரியம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை என்று வந்தால் அவள் இப்படித்தான். மாமனார் முனிராஜ் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் ஒரு சண்டை போட்டுவிட்டு வெளியே போனவர், இன்றுவரை திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சை எடுத்தால் மாரியம்மா எழுந்து போய்விடுவாள். நெற்றிப் பொட்டை மட்டும் ஒருநாளும் அழித்ததில்லை.

நான்கு மணி வாக்கில் ஜடையன் வந்துவிட்டான். பையும் துணிமூட்டையுமாக ஆட்கள் மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

"அக்கா, பொறப்பட்டாச்சுங்க. கூலி...?"

"ஜடையா, அவரு வந்துரட்டும். ஒரு ரெண்டு நாள் பொறுத்தா..."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பசங்கதான் கேக்க மாட்டேங்கறானுங்க." ஜடையன் குரலைத் தணித்துக்கொண்டான். "மல்லப்பன் நேத்தே ஆள் அனுப்பிச்சான். அட்வான்ஸை இப்பவே கையில வாங்கிக்கன்றான். நம்ம அண்ணன் வூட்ட வுட்டுட்டு வரமாட்டோம்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன். ஆனா வெறுங்கையோட போனா புள்ளைங்க மொகத்துல எப்படீங்கக்கா முழிக்கறது? இன்னொரு தபா அவன் கூப்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

உமா தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய வளையல் ஆடி மாதமே பெயிண்ட் வாங்குவதற்காக அடகுக் கடைக்குப் போய்விட்டது. காதில் கிடப்பது கவரிங். உள்ளே போய் எதற்கோ பீரோவைத் திறந்து மூடினாள். அதில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

வெளியே லூனா கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஓடிவிட்டான் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து சந்துரு வந்து நின்றான். மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் வேர்வை. பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினான்.

"நாலாயிரம் இருக்கு அண்ணி. கூலியக் குடுத்துருங்க."

உமா வாங்கினாள். எண்ணவில்லை. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு ஒரேயடியாக வாய்க்கு வந்துவிட்டது.

"ஆக, இருந்துச்சு! கேட்டப்போ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஆளுங்க வாசல்ல வந்து நின்னு மானம் போன பிறகுதான் கொண்டு வருவியா? மீதி எங்கடா? மீதி ரெண்டாயிரத்து ஐந்நூறு எங்க?"

"மீதி எங்கிட்ட இல்ல அண்ணி."

"தின்னுட்டியா? அண்ணன் பாடுபட்டு சம்பாதிச்சத நீ திருடித் தின்னுட்டியா?"

திருடி என்ற சொல் விழுந்ததும் ஜடையன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சந்துருவின் தொண்டை வரைக்கும் வந்தது போல இருந்தது. ஆனால் அதற்குள் மாரியம்மா கதவோரம் வந்து நிற்கவே, அதை அப்படியே முழுங்கிவிட்டான்.

"மொதல்ல கூலியக் குடுங்க அண்ணி. பஸ் போயிடும்."

கூலி கொடுத்து முடிப்பதற்குள் அவன் இரண்டு சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அம்மா, நானும் இவங்ககூட ஊருக்குப் போறேன்."

"என்றா இது? தீபாவளிக்குப் புதுத் துணிகூட எடுக்கல..." என்று மாரியம்மா தவித்தாள்.

"போகட்டும் அத்தை" என்றாள் உமா. "திரும்பி வர்றப்போ மீதியக் கொண்டுக்கிட்டு வரட்டும்."

ஐந்து பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். சந்துரு திரும்பிப் பார்க்கவில்லை. உமா முகத்தைக் கழுவிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிம்மதியில் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"உமா" என்று முற்றத்திலிருந்து மாமியார் கூப்பிட்டாள். "வண்டி எங்க?"

"எந்த வண்டி?"

"சந்துரு வண்டி. போறப்ப ஓட்டிட்டுப் போனான். வர்றப்ப நடந்துல்ல வந்தான்?"

கொய்யா மரத்தடி காலியாக இருந்தது. தினமும் காலையில் அவன் லூனாவைத் துடைக்கிற மஞ்சள் துணி மட்டும் கிளையில் காய்ந்துகொண்டிருந்தது.

உமா செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் தெருமுனைக்கு ஓடினாள். அங்கே கெம்பையனின் மெக்கானிக் கடை. கடை வாசலில் லூனா ஸ்டாண்டு போட்டு நின்றது.

"கெம்பையா, இது நம்ம சந்துரு வண்டிதானே?"

"ஹௌதும்மா, அவருதுதான். இப்போ என்னுது. சாயங்காலம்தான் நாலாயிரத்துக்குக் குடுத்துட்டுப் போனாரு" என்றான் கெம்பையன், கை எண்ணெயைத் துடைத்தபடி. "நான் பேடா, வேணாம்னு எவ்ளோ சொன்னேன். ஐயாயிரத்துக்கு மேலயே போகும், தீபாவளி ஹப்பா முடியட்டும், நல்ல பார்ட்டி பாக்கலாம்னேன். கேக்கலியே! அண்ணி கூலி குடுக்கணும், ஆளுங்க முன்னாடி அவங்க தலை குனியக் கூடாதுன்னாரு."

உமா அங்கேயே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் முன்னால் அவள் தலை குனியக் கூடாது என்று வண்டியை விற்றிருக்கிறான். அதே ஆட்கள் முன்னால் அவனைத் திருடன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நம் வாயில் ஏன் கொள்ளிக்கட்டை விழவில்லை என்று அழுகை பொங்கி வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடலாம் என்றால், பஸ் இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும்.

அழுதுகொண்டேதான் வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் அழுகை தானாக நின்றது. சந்துருவிடம் பணம் இருந்திருந்தால் வண்டியை ஏன் விற்கப்போகிறான்? அவனிடம் இல்லை. அப்படியானால் வாங்கினது யார்? 'அண்ணன் வரட்டும், அவர்கிட்டயே கேட்டுக்கங்க' என்றானே!

விளக்கு வைத்ததும் சுரேந்தர் வந்தான். ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழத்தை அலமாரியில் வைத்தான்.

"லாட்ஜு வேலை அநேகமா நமக்குத்தான் உமா. ஓனர் பேசிட்டாரு. பசிக்குது, சோத்தப் போடு."

உமா தட்டு வைத்தாள். சோறு போட்டு, தட்டைப்பயறு சாறு ஊற்றினாள். அவன் குனிந்த தலை நிமிராமல் பிசைந்தான்.

"சந்துரு எங்க?"

"ஜடையன்கூட ஊருக்குப் போயிட்டான்."

தீபாவளிக்கு ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காத தம்பி திடீரென்று ஏன் போனான் என்று சுரேந்தர் கேட்கவில்லை. வீட்டில் காசு இல்லை என்று தெரிந்துதான் அவன் குண்டலுபேட்டைக்குப் போயிருந்தான். கூலி எப்படிக் கொடுத்தாய் என்றும் கேட்கவில்லை.

"நம்பி சார் வீட்டுக்கு எதும் போனியா?" என்று மட்டும் கேட்டான்.

"போனேன்."

பிசைந்த கை ஒரு கணம் நின்றது. உமா அந்தக் கையைப் பார்த்தாள். மத்தியானம் குழாயடியில் பார்த்த சந்துருவின் வெள்ளை நகங்கள் நினைவுக்கு வந்தன. இந்தக் கையில் அஞ்சு நகத்துக்கண்ணிலும் கறுப்பு இருந்தது.

எஸ்டிமேட் போடப் போனவனுக்கு பிரஷ்ஷில் என்ன வேலை?

அவள் எழுந்துபோய் அடுப்பு மேடைக்குக் கீழேயிருந்து மண்ணெண்ணெய் பாட்டிலையும் ஒரு கந்தலையும் எடுத்து வந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனாமல் தண்ணியில போகாதுங்க. இதப் போட்டுத் தொடைங்க."

சுரேந்தர் கையைத் தட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

"உங்களுக்காக ஒருத்தன் வாயத் தொறக்காம, ஆசையா வச்சிருந்த வண்டிய வித்து, எங்கிட்ட திருடன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போயிருக்கான். அந்தப் பாவம் என் தலையில. பணம் எங்க போச்சுன்னு சொல்லுங்க. என் தம்பிய நான் போய்க் கூட்டிட்டு வரணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சந்துருவைத் தம்பி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சுரேந்தரின் கண் கலங்கிவிட்டது.

"குண்டலுபேட்டையில லாட்ஜும் இல்ல, ஒண்ணும் இல்ல உமா. அந்தப் பணத்த அங்க ஆஸ்பத்திரியில கட்டினேன். ஞாயித்துக்கிழம நான் கேட் அடிக்கறப்ப, சந்துரு தற்செயலா அந்தத் தெருவுல வந்து என்னப் பாத்துட்டான். விஷயத்தைச் சொல்லி, சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரியிலயா? யாருக்கு?"

அவன் வாசற்பக்கம் பார்த்தான். குரல் இறங்கிப்போனது. "மொதல்ல கதவைச் சாத்து. அம்மா காதுல விழக்கூடாது."

உமா எழுந்து திரும்பினாள். கதவுக்கு அந்தப் பக்கம், கையில் தண்ணீர்ச் சொம்போடு மாரியம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தெரியவில்லை. சொம்பு ஆடி, தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சாத்த வேண்டாம்" என்றாள் மாரியம்மா. "அந்த மனுசன் பொழைச்சுக்குவாரா, அத மட்டும் சொல்லு."